345 பெட்டியா, 225 பெட்டியா? நெல்லையில் லாஜிஸ்டிக்ஸ் படிக்க வருகிறவர்களுக்கு

60 × 40 × 40 செ.மீ. அட்டைப்பெட்டி. 20 அடி கண்டெய்னர். எத்தனை பெட்டி போகும்? லாஜிஸ்டிக்ஸ் படிப்பில் ஆரம்பத்திலேயே வருகிற கணக்கு இது. படித்து முடித்து வேலை கேட்டுப் போகும் இடத்திலும் இதையேதான் வேறு அளவில் கேட்பார்கள். பெரும்பாலானோர் கன அளவை வகுத்து 345 என்று சொல்லிவிடுகிறார்கள். கண்டெய்னரின் உள்ளளவு நீளம் 5.90 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39, பெருக்கினால் 33 கன மீட்டர் சொச்சம். ஒரு பெட்டி 0.096 கன மீட்டர். வகுத்தால் 345 வரும். ஆனால் பெட்டி தண்ணீர் இல்லையே, ஊற்றி நிரப்புவதற்கு.

நீளவாக்கில் 60 செ.மீ. பக்கத்தை வைத்தால் 9 பெட்டி. அகலத்தில் 40 வைத்தால் 5. உயரத்தில் 40 வைத்தால் 5. ஆக 9 × 5 × 5 = 225. கதவுப் பக்கம் 50 செ.மீ. மிஞ்சும், அதில் பெட்டியைத் திருப்பி வைத்தால் வரிசைக்கு 3, ஐந்து அடுக்கு, இன்னும் 15. மொத்தம் 240. திருப்பித் திருப்பிப் பார்த்தால் சில கூடலாம். 345 ஒருநாளும் வராது.

இனிதான் பாடம். உயரம் 2.39 மீட்டர், பெட்டி 40 செ.மீ. ஐந்தடுக்குக்கு மேலே 39 செ.மீ. சும்மா கிடக்கிறது. ஆறாவது அடுக்குக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் குறை. பெட்டியின் உயரத்தை 39 ஆக்கிவிட்டால் ஆறு அடுக்கு நிற்கும். 240 என்பது 288 ஆகிவிடும். கப்பல் வாடகை அதே வாடகைதான். சப்ளை செயின் என்று நீட்டி முழக்குகிறோமே, அதன் சாரம் பாதி இதில் இருக்கிறது: அட்டைப்பெட்டி வடிவமைப்பவருக்கும் கண்டெய்னர் பிடிப்பவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாவிட்டால் 48 பெட்டிக்கான இடம் காற்றாகத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறும். (அகலத்தில் 35 செ.மீ. இடைவெளி நிற்கிறது பாருங்கள். அதைக் காற்றுப்பையோ மரச்சட்டமோ வைத்து அடைக்காவிட்டால் கடல் ஆட்டத்தில் சரக்கு சரிந்து, கதவைத் திறக்கும் ஆள் தலையில் விழும். விடைத்தாளில் இந்த ஒரு வரியை எழுதுகிறவர்கள் குறைவு.)

அடுத்தது எடை. நம் பக்கத்திலேயே இதற்கு இரண்டு நல்ல உதாரணம் உண்டு. தூத்துக்குடி உப்பு ஒன்று. வெளிநாட்டு மருந்து வியாபாரத்தில் டின்னவெல்லி சென்னா என்று நம் ஊர்ப் பெயரிலேயே விற்கிற அவுரி இலை இன்னொன்று. உப்பு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 டன். கண்டெய்னர் முழுக்க நிரப்பினால் 40 டன் வந்துவிடும். கண்டெய்னரோ 28 டன் சுமாருக்குத்தான் தாங்கும், அதையும் ரோட்டில் கொண்டுபோக லாரியின் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் மொத்த எடை இடம் கொடுக்க வேண்டும். அதனால் உப்பு கண்டெய்னரில் மேலே வெற்றிடம் இருந்தே தீரும். காய்ந்த அவுரி இலை நேர் எதிர்: இடம் நிரம்பிவிடும், எடை ஏறாது. அங்கே பேலை (பொதியை) எவ்வளவு அழுத்திக் கட்டுகிறோம் என்பதுதான் லாபம். எந்தச் சரக்கைக் கையில் கொடுத்தாலும் "இது எடையில் நிரம்புமா, இடத்தில் நிரம்புமா" என்ற கேள்வியை முதலில் கேட்டுப் பழகுங்கள். கூரியரில் பத்தமடைப் பாய் அனுப்புகிறவருக்கும் இதே சங்கதிதான். சுருட்டிய பாய் 100 × 15 × 15 செ.மீ.; கூரியர் கணக்குப்படி மூன்று அளவையும் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் 4.5 கிலோ. பாய் ஒன்றரை கிலோ இருந்தாலும் பில் நாலரைக்குத்தான். விமான சரக்கில் வழக்கமாக 6000 ஆல் வகுப்பார்கள், 3.75 வரும்.

படிப்பில் சேரும் முன் கல்லூரியின் விளம்பரத் தட்டியைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புள்ளியியல், ஆபரேஷன்ஸ் ரிசர்ச், சுங்க ஆவணங்கள், ஜி.எஸ்.டி., எக்செல் பயிற்சி, குறைந்தது எட்டு வாரமாவது உண்மையான களப்பயிற்சி. இவை இல்லாமல் "மேலாண்மைக் கோட்பாடுகள்" என்று ஏழெட்டுத் தாள் இருந்தால் அது பொதுவான பி.பி.ஏ.வுக்கோ எம்.பி.ஏ.வுக்கோ லாஜிஸ்டிக்ஸ் என்று சட்டை மாட்டிவிட்டது. காமர்ஸ் படித்தவர்கள் கணக்குக்குப் பயப்பட வேண்டியதில்லை. பிளஸ் டூ அளவைத் தாண்டாது. பாடத்தில் இல்லாததை ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சரக்கிருப்புக் கணக்கில்தான் நிறைய மதிப்பெண் போகிறது. 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் எழுதிய சிக்கன ஆர்டர் அளவு (ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் மொத்தச் செலவு குறையும்) வாய்பாடு எல்லோருக்கும் மனப்பாடம்: இரண்டு பெருக்கல் ஆண்டுத் தேவை பெருக்கல் ஆர்டர் செலவு, வகுத்தல் ஒரு பெட்டியின் ஆண்டு இருப்புச் செலவு, எல்லாவற்றுக்கும் வர்க்கமூலம். பாளையங்கோட்டையில் ஒரு மொத்தக் கடை, ஆண்டுக்கு 3600 பெட்டி, ஒரு ஆர்டர் போட்டு இறக்க 800 ரூபாய், ஒரு பெட்டியை ஆண்டு முழுக்க வைத்திருக்க 16 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விடை 600. வருடத்துக்கு ஆறு ஆர்டர். இதில் அடிக்கடி நடக்கும் தப்பு, ஆர்டர் செலவில் சரக்கின் விலையையும் சேர்த்துவிடுவது. எத்தனை பெட்டி வாங்கினாலும் மாறாத செலவு மட்டும்தான் அங்கே போகும்: லாரிக்குப் பேசிய வாடகை, ஆர்டர் போடும் வேலை.

விடை எழுதியதும் பேனாவை மூடிவிடாதீர்கள். 600 வாங்கினால் ஆர்டர் செலவு 4800, இருப்புச் செலவு 4800, மொத்தம் 9600. லாரி கொள்ளளவு 800 என்றால்? ஆர்டர் செலவு 3600, இருப்பு 6400, மொத்தம் 10,000. மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கியும் வருடத்துக்கு 400 ரூபாய்தான் வித்தியாசம். வாய்பாட்டின் வளைவு அந்த இடத்தில் தட்டையாக இருக்கிறது. ஆகவே 600 என்பதைப் பிடித்துத் தொங்காமல் முழு லாரியாக வாங்கிவிடலாம். "ஃபுல் லோடா போடுங்க" என்று கடை அண்ணாச்சி வாய்பாடு தெரியாமலே சொல்வதற்குக் கணக்கு இதுதான்.

காப்பு இருப்பு (தட்டுப்பாடு வராமல் இருக்கக் கூடுதலாக வைக்கும் சரக்கு) விஷயத்தில் அண்ணாச்சிகளின் ஊகம் இவ்வளவு சரியாக இருப்பதில்லை. வேறொரு கடையில் தினம் 40 பெட்டி விற்கிறது, நாளுக்கு நாள் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு) 10, ஆர்டர் போட்டால் வந்துசேர 9 நாள். 95 சதவீத உறுதிக்குப் புள்ளியியல் அட்டவணை தரும் 1.65 பெருக்கல் 10 பெருக்கல் 9இன் வர்க்கமூலம், அதாவது 3. சுமார் 50 பெட்டி. பலர் 3க்குப் பதில் 9ஆல் பெருக்கி 150 என்று எழுதிவிடுவார்கள். ஆக இருப்பு 360 + 50 = 410க்கு இறங்கும்போது அடுத்த ஆர்டர்.

இது வழியில் ஒரு சிக்கலும் இல்லாத காலத்துக்கு. வருகிற நாளே முன்பின் ஆனால்? அந்த 9 நாளுக்கு 2 நாள் திட்டவிலக்கம் என்று வையுங்கள். 9 × 100 (10இன் வர்க்கம்) உடன் 1600 (40இன் வர்க்கம்) × 4 (2இன் வர்க்கம்) கூட வேண்டும், 7300. வர்க்கமூலம் 85.4, அதை 1.65ஆல் பெருக்க 141. காப்பு இருப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. விற்பனையில் ஒரு மாற்றமும் இல்லை, வழி மட்டும்தான் நம்ப முடியாமல் போனது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நம் பக்கம் இதைக் கண்ணால் பார்க்கலாம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.க்கு நெருக்கமாக மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது, ரோடுகள் அறுந்தன. அப்படியொரு வெள்ளத்தை எந்தத் திட்டவிலக்கமும் பிடிக்காது, அது வேறு கணக்கு. ஆனால் மழை மாதத்துக்கும் சித்திரைக்கும் ஒரே காப்பு இருப்பு வைப்பது சோம்பேறித்தனம்.

கடல் வழியிலும் இதே நிலையின்மை உண்டு. தூத்துக்குடியிலிருந்து போகும் கண்டெய்னர்களில் நிறைய சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய தாய்க்கப்பலில் ஏறுகின்றன. ஃபீடர் ஒரு நாள் தாமதித்தாலும் தாய்க்கப்பல் போய்விடும். அடுத்ததற்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டி வரலாம். ஒரு நாள் தாமதம் ஒரு வாரமாகப் பெருகும் இந்த இடத்தைப் புரிந்துகொண்டவர், வாங்குபவருக்குத் தேதி சொல்லும்போது வாயை அடக்கிச் சொல்வார்.

இன்கோடெர்ம்ஸ் (செலவும் ஆபத்தும் எங்கே விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறும் என்று சொல்லும் சர்வதேச வணிகச் சொற்கள்) பாடத்தில் பதினொரு சொற்களையும் உருப்போட்டுவிட்டு, பரீட்சையில் "எஃப்.ஓ.பி. திருநெல்வேலி" என்று எழுதுகிறவர்கள் உண்டு. எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலில் ஏறிய பிறகே விற்பவர் பொறுப்பு முடியும். பக்கத்தில் கப்பலேறும் துறைமுகத்தின் பெயர் வர வேண்டும். தாமிரபரணியில் கப்பல் வராது. எழுதினால் எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. கண்டெய்னர் சரக்குக்கு அதுவும் பொருத்தமில்லை: நீங்கள் டெர்மினலில் பெட்டியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள், கப்பலேறும் வரை அது வேறொருவர் கையில், பொறுப்பு மட்டும் உங்கள் தலையில். எஃப்.சி.ஏ. போட்டால் ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு கைமாறிவிடும். சி.ஐ.எஃப்.பில் இன்னொரு குழி. போய்ச்சேரும் துறைமுகம் வரை வாடகையும் காப்பீடும் விற்பவர் கட்டினாலும், சேத ஆபத்து ஏற்றிய துறைமுகத்திலேயே வாங்குபவருக்குப் போய்விடுகிறது. செலவு முடியும் இடமும் ஆபத்து முடியும் இடமும் வேறு வேறு. கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

ஆவணங்களை வரிசையோடு படியுங்கள், தனித்தனியாகப் படித்தால் நிற்காது. கங்கைகொண்டான் சிப்காட்டிலிருந்து ஒரு கண்டெய்னர் கிளம்புவதாக மனதில் ஓட்டிப் பாருங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்க முகவர் வழியாக ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஆவணம்), யார்டிலிருந்து காலிப் பெட்டி, ஏற்றும் முன் உள்ளே நின்று கதவைச் சாத்திக் கூரையில் ஓட்டை வழியாக வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது, ஏற்றி முடித்து சீல், மொத்த எடைச் சான்று, துறைமுக கேட், சுங்கத்தின் ஏற்றுமதி அனுமதி, கப்பல், கடைசியில் பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் கொடுக்கும் சீட்டு). எடைச் சான்று 2016 ஜூலை 1 முதல் கட்டாயம், அது இல்லாமல் பெட்டி கப்பலேறாது. சரக்கு எடையோடு கதவில் எழுதியிருக்கும் காலிப் பெட்டி எடையைக் கூட்டிவிட்டு, பேலட்டையும் (சரக்கை அடுக்கும் தட்டு) மரச்சட்டத்தையும் மறந்துவிடுவது வாடிக்கை. பேலட் ஒன்றுக்கு 20 கிலோ என்றாலும் பத்துக்கு 200 கிலோ.

கண்டெய்னர் எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலே வேலை நின்றுவிடும். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். ஏ என்றால் 10, பி என்றால் 12, இப்படி 11இன் மடங்குகளை விட்டுவிட்டு எழுத்துக்கு மதிப்பு கொடுத்து, இடமிருந்து 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதிதான் அந்தக் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் 0. எக்செலில் ஒருமுறை போட்டு வைத்துக்கொண்டால் தட்டச்சுப் பிழை உடனே மாட்டும்.

டெமரேஜ், டிடென்ஷன் இரண்டையும் குழப்பாதீர்கள். இறக்குமதியில் இலவச நாள் தாண்டியும் பெட்டி துறைமுகத்துக்குள் கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துவந்து, சரக்கை இறக்கிய காலிப் பெட்டியை நேரத்துக்குத் திருப்பாவிட்டால் டிடென்ஷன்.

உள்நாட்டுப் பக்கம் இ-வே பில், சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு. மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் கட்டாயம், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம். 200 கி.மீ.க்கு ஒரு நாள் செல்லுபடி. வழியில் லாரி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் இரண்டாம் பகுதியில் வண்டி எண்ணை மாற்ற வேண்டும். கேரள எல்லையில் புளியரையில் நின்று விழிப்பது பெரும்பாலும் இதை மறந்தவர்கள்தான். புளியங்குடி எலுமிச்சைக்கு இந்தத் தொல்லை இல்லை, வரிவிலக்குள்ள சரக்கு. அதே எலுமிச்சை ஊறுகாயானால் பில் வேண்டும்.

கடைசியாக புராஜெக்ட். "வாடிக்கையாளர் திருப்தி ஆய்வு" என்று நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துச் சதவீதம் போடும் வழக்கத்தை விட்டொழியுங்கள். நேர்முகத்தில் அதைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட், புளியங்குடி எலுமிச்சை மண்டி, ஒரு லாரி செட், எதுவானாலும் சரி. "அண்ணாச்சி, ஒரு ஓரமா நின்னு டைம் மட்டும் குறிச்சிக்கிடட்டுமா?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் நாற்காலியும் டீயும் கொடுப்பார்கள். தாளில் ஐந்து கட்டம் போதும்: வண்டி வந்த நேரம், எடைமேடை ஏறிய நேரம், லோடு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வெளியேறிய நேரம். முப்பது வண்டியாவது வேண்டும், சந்தை கூடும் நாளும் சாதா நாளும் கலந்து. கைக்கடிகாரத்தை நம்பாமல் எல்லா இடத்திலும் ஒரே போனைப் பாருங்கள். எடைமேடைச் சீட்டின் நேரமும் உங்கள் நேரமும் பத்து நிமிடம் விலகியிருந்தால் கணக்கு பாழ். மணிக்கு 6 வண்டி வருகிறது, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் நிற்கிறது என்றால் எந்நேரமும் சராசரி 9 வண்டி உள்ளே இருக்கும். இடம் ஆறுக்குத்தான் என்றால் மீதி மூன்று மெயின் ரோட்டில். வரும் வேகத்தை நிற்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை: லிட்டில் என்பவர் பெயரிலான விதி அவ்வளவுதான். அந்த ஒன்றரை மணியில் லோடுமேனுக்காகக் காத்த நேரம் எவ்வளவு, சிட்டைக்காகக் காத்த நேரம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் அதுதான் ஆய்வு.

வேலைக்குத் தூத்துக்குடிதான் முதல் வாசல், ஐம்பது கி.மீ. பஸ் பயணம். சுங்க முகவர் அலுவலகத்தில் சேர்ந்தால் முதலில் ஹெச் கார்டு, பிறகு பரீட்சை எழுதி ஜி கார்டு (இரண்டும் முகவரின் ஊழியருக்குச் சுங்கம் கொடுக்கும் அனுமதி அட்டைகள்). ஆரம்பச் சம்பளம் கூச்சமாகத்தான் இருக்கும். சேரும் நாளில் அந்தக் கண்டெய்னர் எண் எக்செல் ஷீட்டையும் போனில் வைத்துக்கொண்டு போங்கள்.