எம்-சாண்ட் ஆலைத் திக்கனர்: ஒரு வார நாட்குறிப்பு

மே 6, மாலை

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பாலாறு வறண்டு கிடக்கிறது, எங்கள் ஆழ்துளைக் கிணறும் பிற்பகலுக்குள் ஓய்ந்துவிடுகிறது. ஆகவே, மணல் கழுவிய நீரைத் திக்கனரில், அதாவது சேற்றை அடியில் படியவைத்து நீரைப் பிரிக்கும் பெரிய வட்டத் தொட்டியில், தெளியவைத்துத் திரும்ப எடுத்தால்தான் ஆலை ஓடும். அந்த நீரோ மூன்று நாள்களாகக் கழுநீர் போல வழிகிறது. “பவுடரை இன்னும் கொஞ்சம் கூட்டுங்க சார்” என்கிறார் முதலாளி; நுண்துகள்களைத் திரளாக்கிப் படியவைக்கும் பாலிமர் பவுடரைத்தான் சொல்கிறார். ஏற்கெனவே இரண்டு முறை கூட்டியாயிற்று.

மே 7

பாலிமர் கரைக்கும் தொட்டியில் ஜவ்வரிசி போன்ற கட்டிகள் மிதந்தன. பவுடரை மொத்தமாகக் கொட்டியிருக்கிறார்கள். உப்புமாவுக்கு ரவை தூவுவதைப் போல, சுழலும் நீரில் சிறிது சிறிதாகத் தூவி, பிறகு ஒரு மணி நேரமாவது மெதுவாகக் கலக்கினால்தான் அதன் நீண்ட சங்கிலிகள் விரியும். வேகமாக அடித்தால் அவை அறுந்து, போட்ட பவுடர் வீணாகும்.

மே 9

கரைசலைச் சரிசெய்தும் கலங்கல் முழுதாக நீங்கவில்லை. 1000 மி.லி. அளவுருளைகள் இரண்டை எடுத்து, ஒன்றில் திக்கனருக்கு வரும் சேற்றை அப்படியே நிரப்பினேன்; எடையில் 10 சதவீதம் கல்தூள் இருந்தது. மற்றொன்றில் அதே சேற்றைப் பாதியளவு எடுத்து, மீதிக்குத் தெளிநீர் சேர்த்தேன். ஒரு டன் கல்தூளுக்கு ஏறத்தாழ 20 கிராம் பவுடர் என்ற ஒரே கணக்கில், 0.1 சதவீதப் பாலிமர் கரைசலை முதலாவதில் 2 மி.லி., இரண்டாவதில் 1 மி.லி. விட்டேன். நீர்த்த சேறு பெரிய திரள்களாகிச் சடசடவென இறங்கியது. கெட்டிச் சேற்றின் மேல்நீரில் மங்கல் நின்றது. கெட்டிச் சேற்றில் பாலிமர் எங்கும் பரவுவதற்குள் முதலில் எதிர்ப்பட்ட துகள்களே அதைப் பிடித்துக்கொள்கின்றன. துகள்கள் நெருங்கியிருப்பதால் ஒன்றையொன்று இறங்கவிடாமலும் தடுக்கின்றன. செறிவுக்கேற்பப் படியும் வேகம் மாறுவதைக் கொண்டு திக்கனரின் பரப்பைக் கணக்கிடும் முறையைக் கோ, கிளெவெஞ்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1916-இலேயே வெளியிட்டார்கள். நான் பவுடர் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மே 12

வரும் சேறு நீர்க்கட்டும் என்று, வழிந்த நீரில் ஒரு பகுதியை, சேறு முதலில் வந்து விழும் நடு உருளையான ஃபீட்வெல்லுக்கே திருப்பிவிட்டு, பாலிமரையும் ஓரிடத்தில் கொட்டாமல் இரண்டு இடங்களில் பிரித்து விட்டோம். மதியத்துக்குள் விளிம்பு நீர் தெளிந்தது. பவுடரையும் பழைய அளவுக்குக் குறைத்தாயிற்று. ஆனால் சேறு இப்போது வேகமாகப் படிவதால், அதை அடியில் நடுவுக்கு வழித்துத் தள்ளும் ரேக்கின் மோட்டார் ஆம்பியர் மெல்ல ஏறுகிறது. அடிச்சேற்றுப் பம்பின் வேகத்தைக் கூட்டிவிட்டு, இரவு ஷிஃப்டில் அரைமணிக்கொரு முறை ஆம்பியரைக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.