கடலைப் பார்த்து நிற்பவர்கள்

சின்னஞ்சிறு வெண்கல உருவங்கள். பெண்கள், குழந்தைகள். எல்லோரும் கடலையே பார்க்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆப்ஸ் என்ற துறைமுகக் கிராமத்தில் இன்று காலை அவர்கள் முன் வெகுநேரம் நின்றேன். குனிந்தால்தான் முகங்கள் தெரிகின்றன.

1881 அக்டோபர் 14. திடீர்ப் புயல். இந்தக் கரையோரத்து மீனவர்கள் 189 பேர் திரும்பவில்லை. பக்கத்து ஐமவுத்தில் மட்டும் 129 பேர். சில படகுகள் வீட்டார் கண்ணெதிரிலேயே உடைந்தன.

இங்கே தங்கினால் செய்ய நிறைய இருக்கிறது. கலங்கரை விளக்கம் உள்ள பாறைமுனை வரை நடக்கலாம். கோடையின் தொடக்கமென்றால் செங்குத்துப் பாறைகளில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள். அந்த இரைச்சலுக்காகவே போகலாம். தெளிந்த நீரில் முக்குளிக்கலாம். அப்புறம், நண்டு சாண்ட்விச்சை விடவே கூடாது.

ஆனால் முதலில் அந்தப் பெண்களைப் பாருங்கள். பிறகு துறைமுகத்துக்கு இறங்குங்கள்.

2015இல் இங்கிருந்த உயிர்காப்புப் படகு நிலையம் மூடப்பட்டது. ஊரார் விடவில்லை. பணம் திரட்டி அடுத்த ஆண்டே சொந்தப் படகை இறக்கிவிட்டார்கள்.

மாலையில் அந்தப் படகைப் பார்த்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.