பெங்களூர் பக்கம் ட்வீக் சிக்கியது

ஒரு வழியாக ட்வீக் கேட்டுவிட்டது! தூரத்து மின்னலின் ரேடியோ அலை, தரைக்கும் வானத்து அயனி அடுக்குக்கும் இடையே முட்டி முட்டி வருவதை ஒலியாக மாற்றினால் கேட்கும் சத்தம் அது. கௌரிபிதனூர் தாண்டி, உழுதுபோட்ட ஒரு கொல்லை ஓரம் லூப்பை, அதாவது சட்டத்தில் கம்பி சுற்றிய ஆன்டெனாவை, நட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மே மாத இடிமழை கிழக்கே எங்கோ பெய்துகொண்டிருந்தது. நள்ளிரவுக்கு மேல், சாதாரண மின்னல் வெடிப்புகளின் (ஸ்ஃபெரிக்) படபடப்புக்கு நடுவே, இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டினாற்போல ‘டியூங், டியூங்’ என்று வர ஆரம்பித்தது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது கரண்ட் இரைச்சல்தான். மொட்டை மாடியில் அது 50 ஹெர்ட்ஸோடு நிற்பதில்லை. 100, 150, 200 என்று ஏறி 2 கிலோஹெர்ட்ஸ் வரை அடைத்துக்கொள்கிறது. ட்வீக்கின் வால், அதாவது சத்தம் இறங்கி முடியும் இடம், வந்து நிற்பதோ 1.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம். கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை மேலே ஏற்றினால் இரைச்சலோடு வாலும் போய்விடும். லூப்பைத் திருப்பி அடக்கலாம் என்றால் லிஃப்ட் மோட்டார் ஒரு பக்கம், எல்இடி டிரைவர்கள் எல்லாப் பக்கமும். ஊருக்கு வெளியே, லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மிச்ச இரைச்சல் ஒரே திசையிலிருந்துதான் வருகிறது. அங்கே லூப்பை ஒரு விரல்கடை திருப்பினாலே சட்டென்று விழுந்துவிடுகிறது. அந்த விரல்கடையைப் பிடிக்கப் பொறுமை வேண்டும்.

லூப் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க திருநெல்வேலிப் பக்கத்து விஜயநாராயணம் கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் போல ஒரு துணை கிடையாது. திருநெல்வேலி நமக்கு ஏறக்குறைய நேர் தெற்கு. லூப்பின் தளம் வடக்கு தெற்காக நின்றால் லேப்டாப்பில் ஓடும் அதிர்வெண் படத்தில் (வாட்டர்ஃபால்) கோடு பளிச்சென்று தெரியும், கிழக்கு மேற்காகத் திருப்பினால் மங்கிவிடும்.

பதிவில் வாலை அளந்தேன்: 1.7 கிலோஹெர்ட்ஸ். ஒளி வேகத்தை அதன் இருமடங்கால் வகுத்தால் சுமார் 88 கி.மீ. இரவில் மின்னல் அலை முட்டித் திரும்பும் அயனி அடுக்கின் உயரம் அது. எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைச் சாமானில் இதை அளக்க முடிகிறது என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. அப்புறம், எனாமல் கம்பியை மட்டும் மோட்டார் காயில் கட்டும் கடையில் கிலோ கணக்கில் வாங்குங்கள். ஒட்டே இல்லாமல் முழு லூப்பும் சுற்றிவிடலாம்.

மின்னல் அலையே நீண்ட விசிலாக இறங்கிக் கேட்கும் விசிலருக்கு இங்கே காத்திருப்பதில் பயனில்லை. முதல் உலகப் போரில் எதிரணியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டபோது ஜெர்மன் இயற்பியலாளர் பார்க்ஹௌசனைக் குழப்பிய சத்தம் அது. மின்னல் அலை காந்தப்புலக் கோட்டைப் பிடித்து மறு அரைக்கோளம் போவதால் வருவது என்று 1953இல் எல்.ஆர்.ஓ. ஸ்டோரி என்ற ஆய்வாளர் விளக்கினார். பெங்களூர் காந்த நடுக்கோட்டுக்கு ரொம்பப் பக்கம், கோடுகள் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக ஓடுகின்றன, அலை அவற்றைப் பிடித்து ஏற வழியில்லை. வடக்கே வாரணாசியிலும் நைனிதாலிலும் விசிலர் பதிவாகியிருக்கிறது. குளிர்காலத்தில் ரயிலில் கொண்டுபோக, சட்டத்தை மடிக்கக் கீல் வைத்தாகிவிட்டது. சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்புக்குப் பெட்டி இன்னும் அமையவில்லை.