ஓடும் மெய்நிகர் கணினியில் டோக்கனைச் சேர்ப்பது

மதுரை டவுன்ஹால் ரோட்டில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் சர்வரை நான் பராமரித்து வருகிறேன். அங்கே லினக்ஸின் மேல், மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருளான லிப்விர்ட் வழியாக ஓடும் விண்டோஸ் மெய்நிகர் கணினியில் (சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினியில்), ஜிஎஸ்டி தாக்கலின்போது அந்தந்த கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யுஎஸ்பி டோக்கனைச் சேர்த்தாக வேண்டும். கணினியை அணைக்காமல் சேர்ப்பது எளிது. சரியான டோக்கனை அடையாளம் காட்டுவதில்தான் கவனம் தேவை.

டோக்கனிலேயே பதிந்திருக்கும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்ற இணையை லிப்விர்ட்டுக்குக் கொடுத்தால், எந்த போர்ட்டில் செருகினாலும் அது மாறாது. ஆனால் ஒரே மாடல் டோக்கன்கள் இரண்டு செருகப்பட்டிருந்தால் இரண்டுக்கும் அதே எண்கள்தான் என்பதால், லிப்விர்ட் முகவரியைக் கேட்டுப் பிழை காட்டிவிடும். முகவரி என்பது பஸ் (யுஎஸ்பி இணைப்புத் தடம்) எண்ணும், அதில் அந்தச் சாதனத்துக்குக் கிடைத்த சாதன எண்ணும். சாதன எண்ணோ கழற்றிச் செருகும்போதெல்லாம் மாறக்கூடியது. அதைக் கோப்பில் நிரந்தரமாக எழுதி வைப்பதில் பயனில்லை. போர்ட்டின் பாதை மாறாது என்பதால், என் ஸ்கிரிப்ட், சாதன விவரங்களை லினக்ஸ் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தப் பாதைக்குரிய, சாதன எண் உள்ள ‘டெவ்நம்’ கோப்பைப் படித்து, சாதனத்தை விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பை அந்த நேரத்திலேயே எழுதி, லிப்விர்ட்டின் ‘விர்ஷ் அட்டாச்-டிவைஸ்’ கட்டளைக்கு, ஓடும் கணினியிலேயே சேர்க்கச் சொல்லும் ‘லைவ்’ என்ற தெரிவுடன் கொடுக்கிறது.

சாதனத்துக்கு நாமே பெயர் சூட்டும் வசதி லிப்விர்ட்டில் 2017-இல் வந்த 3.9.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. பெயர் ‘யுஏ-’ என்று தொடங்க வேண்டும். பிறகு அந்தப் பெயரைச் சொல்லியே கழற்றலாம். விர்ட்டியோ வட்டு (மெய்நிகர் கணினிக்கென்றே உள்ள வட்டு வகை) போன்ற, யுஎஸ்பி அல்லாமல் பிசிஐ தடத்தில் இணையும் சாதனங்களில் மட்டும் கட்டளை முடிந்ததை வைத்து வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது: உள்ளே ஓடும் இயங்குதளம் சாதனத்தை விடுவித்து, சாதனம் நீக்கப்பட்டதாக லிப்விர்ட் தரும் அறிவிப்பு வந்த பிறகே அது உண்மையில் கழன்றிருக்கும்.