ரிலே செய்முறைத் தேர்வு: முதல் முறை எங்கே கோட்டை விட்டேன், அடுத்த முறை எப்படிப் படித்தேன்

ஆட்டோ எலக்ட்ரிக்கல் செய்முறைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சார்ஜிங் சர்க்யூட், ஸ்டார்டர் மோட்டார் என்று பெரிய தலைப்புகளில்தான் நேரத்தைக் கொட்டுவார்கள். நானும் அப்படித்தான். ரிலேதானே, சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச், அதன் பின்களில் 30-ல் பேட்டரி, 87-ல் லைட், 85-ம் 86-ம் உள்ளே இருக்கும் காந்தக் காயில், அவ்வளவுதான் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஒரு ஜோடி ஃபாக் லாம்புக்கு ரிலே வைத்து ஒயரிங் செய்து காட்டச் சொன்னார்கள்.

கொடுத்த நேரத்தில் பாதிக்குள் முடித்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். 'டிக்' சத்தமே வரவில்லை, ஸ்விட்ச் லைனில் இருந்த 5 ஆம்பியர் ஃப்யூஸ் போய்விட்டது. இன்னொன்று மாட்டினேன், அதுவும் போனது. எல்லா ஒயரையும் கழற்றி அப்படியே மறுபடி மாட்டினேன், கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, மூன்றாவது ஃப்யூஸும் போன பிறகு தேர்வாளர் கிட்டே வந்து, "தம்பி, ரிலே மேல என்ன வரைஞ்சிருக்குன்னு பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

காயிலுக்குக் குறுக்கே சின்னதாக ஒரு டயோடு, அதாவது கரண்டை ஒரே திசையில் விடும் பாகம், வரைந்திருந்தது, அதன் கோடு 86 பக்கம். நான் பிளஸ்ஸைக் கொடுத்திருந்தது 85-ல். பயிற்சியில் கையாண்டதெல்லாம் டயோடு இல்லாத ரிலே, அதில் காயிலை எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும், அதனால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. டயோடு வைத்த ரிலேயில் பிளஸ்ஸையும் எர்த்தையும் மாற்றிக் கொடுத்தால் கரண்ட் காயில் வழியாகப் போகாது, டயோடு வழியாக நேராக எர்த்துக்குப் போய்விடும், அதாவது ஷார்ட். 86-ல் பிளஸ், 85-ல் எர்த் என்று பழகிக்கொண்டால் இரண்டு வகை ரிலேக்கும் சரியாக வரும். அந்த டயோடு எதற்கு என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். காயிலை ஆஃப் செய்யும் நொடியில் எதிர்த்திசையில் பெரிய வோல்டேஜ் கிளம்பும், அது மற்ற எலக்ட்ரானிக் பாகங்களைத் தாக்காமல் அங்கேயே அடக்குவதுதான் அதன் வேலை.

இரண்டாம் முறை படித்தபோது எண்களை ஓரமாக வைத்துவிட்டு, ரிலே என்பது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு தனி சர்க்யூட் என்றே பார்த்தேன். ஒன்று காயில் சர்க்யூட். 12 வோல்ட் ரிலேயில் 85-க்கும் 86-க்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் பொதுவாக 80, 90 ஓம் காட்டும், ஆக அதில் ஓடுவது சுமார் 150 மில்லி ஆம்பியர்தான். இன்னொன்று லோடு சர்க்யூட், ஃபாக் லாம்புக்கு வேண்டிய முழு கரண்டும் ஓடுவது இதில். தாளில் இரண்டையும் வேறு வேறு நிறத்தில் வரைந்து பழகுங்கள், பத்து தடவை வரைந்தால் எண்கள் தானாக மனதில் நிற்கும். அந்த எண்கள் ஜெர்மனியின் டின் 72552 தரத்திலிருந்து வந்தவை, அதிலேயே 15 என்றால் இக்னிஷன் போட்டால் வரும் பிளஸ், 31 என்றால் எர்த், இவ்வளவு தெரிந்தால் போதும்.

அப்புறம் ஐந்து பின் ரிலே. இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நடுப் பின் 87ஏ என்றால் ரிலே ஆஃபில் இருக்கும்போது 30-ஓடு சேர்ந்திருக்கும், ஆன் ஆனதும் விட்டுவிடும். ஆனால் நடுப் பின்னும் 87 ஆகவே இருக்கும் ரிலேயும் உண்டு, அதில் இரண்டு பின்னிலும் ஒரே நேரத்தில் சப்ளை வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். கையில் கொடுத்ததும் மேலே உள்ள படத்தைப் படியுங்கள், 30-க்கும் நடுப் பின்னுக்கும் கன்டினியூட்டி (கரண்ட் போகும் தொடர்பு) இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 30/40 ஆம்பியர் என்று போட்டிருந்தால் சிறிய எண் 87ஏ பக்கத்துக்கு, பெரிய எண் 87 பக்கத்துக்கு.

இந்த ரிலேயையும் இந்த ஃப்யூஸையும் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்குத்தான் நல்ல மதிப்பெண் இருக்கிறது, அதனால் கணக்கைப் பேசிக்கொண்டே போட்டுக் காட்டுங்கள். 55 வாட் லாம்பு இரண்டு, 110 வாட், 12-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் 10 ஆம்பியர் ரிலே போதுமே என்று சொல்லிவிடாதீர்கள். அணைந்து ஆறிய ஹாலஜன் பல்பை அளந்து பாருங்கள், அரை ஓம்கூட இருக்காது, எரியும்போது அதே பல்பு 2.6 ஓம். அதனால் ஸ்விட்ச் போட்ட கணத்தில் பல மடங்கு கரண்ட் பாயும், ரிலேக்குள் இருக்கும் கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்வது இப்படித்தான். 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே, 15 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று சொன்னேன். தேர்வாளர் ஒயருக்கும் காரணம் கேட்டார். செம்பில் அந்த அளவு ஒயர் மீட்டருக்கு சுமார் 7 மில்லி ஓம், 3 மீட்டரில் 10 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட்தான் இழப்பு, 1 சதுர மில்லிமீட்டர் என்றால் அரை வோல்ட் போய்விடும், வெளிச்சமும் குறையும்.

ஃப்யூஸை பேட்டரி பிளஸ்ஸுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். ஃப்யூஸ் காப்பாற்றுவது லாம்பை இல்லை, ஒயரை. ஃப்யூஸுக்கு முன்னால் நீளமாக ஒயர் இருந்து அது பாடியில் உரசினால் தீப்பிடிக்கும், தடுக்க எதுவும் இருக்காது.

கடைசிப் பகுதியில் அவர்களே ஒரு கோளாறை வைத்துவிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். முதலில் காதைக் கொடுங்கள். 'டிக்' கேட்டால் காயில் பக்கம் சரி, லோடு பக்கம் போங்கள். கேட்கவில்லையென்றால் ஸ்விட்சைப் போட்டுவைத்து 85-க்கும் 86-க்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். 12 வந்தும் டிக் இல்லையென்றால் ரிலே போய்விட்டது, வரவில்லையென்றால் ஸ்விட்ச் லைன் அல்லது எர்த். எனக்கு டிக் கேட்டது, லாம்பு மட்டும் மங்கலாக எரிந்தது. லாம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 2 வோல்ட் காட்டியது, எர்த் போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு (ஒயர் முனையில் உள்ள உலோக வளையத்துக்கு) அடியில் பெயின்ட். சுரண்டிவிட்டு முறுக்கினேன், வெளிச்சம் வந்துவிட்டது.

ரிலேயை மாட்டும்போது பின்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் சாக்கெட்டுக்குள் தேங்காது. நான் அப்படி மாட்டியதைப் பார்த்துத்தான் தேர்வாளர் ஏன் என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டார்.