தடைக்காலத்தில் ஒரு கார்ட்டூன் படம்

படம் முடிய இன்னும் பத்து நிமிஷம்கூட இல்லை. சித்தி மகன் எழுந்தான், ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கினான், குனிந்து வெளியே போனான். பீடி பிடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

அது போன மே மாதம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடை, 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மண்டபத்தில் அந்த நாட்களில் எல்லோருக்கும் நேரம் கிடக்கும், யாரிடமும் காசு கிடக்காது. என் ஸ்டுடியோவிலும் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவர்களைத் தவிர ஆள் இல்லை. ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு ஆல்பம் டிசைன் பண்ணுகிற மானிட்டரில் படம் போடுவது வழக்கம். அன்றைக்கு ஐந்து பேர்: நான், என் மனைவி, மச்சான், ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் நண்பர், சித்தி மகன்.

படம் நான் தேர்ந்தெடுத்தது. 'எ ஸ்கேனர் டார்க்லி', 2006-ல் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் எடுத்தது. பிலிப் கே. டிக் 1977-ல் எழுதிய நாவல்தான் மூலம். கியானு ரீவ்ஸ், ராபர்ட் டவுனி ஜூனியர், வுடி ஹாரல்சன், வினோனா ரைடர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் நேராகத் தெரிய மாட்டார்கள். நடிகர்களை வீடியோவில் எடுத்துவிட்டு, அதன்மேல் கம்ப்யூட்டரில் ஃப்ரேம் ஃப்ரேமாகக் கோடு போட்டு வரைந்திருக்கிறார்கள். அந்த வேலைக்கே ஏறக்குறைய 18 மாதம் ஆனது.

கதை இவ்வளவுதான். போதை மருந்துக் கூட்டத்தை உளவு பார்க்கிற போலீஸ்காரன் ஒருவன். உள்ளே கலக்க வேண்டும் என்பதற்காக அவனும் அந்த மருந்தைச் சாப்பிடுகிறான், அடிமையாகிறான். ஆபீசில் அவன் யார் என்று மேலதிகாரிக்கே தெரியாது. முகம் தெரியாமல் மறைக்கும் ஒரு உடையைப் போட்டுக்கொண்டுதான் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் அவனையே வேவு பார்க்கும் வேலை அவனிடமே வருகிறது. மருந்து மூளையின் இரண்டு பாதியையும் பிரித்துவிட்டதால், கேமராவில் தெரிகிற ஆள் தான்தான் என்பதே அவனுக்கு மெல்ல மறந்துபோகிறது.

மச்சான் இருபது நிமிஷத்தில் தூங்கிவிட்டார். இடையில் முழித்தபோது கேட்டார்: "ஏன் மாப்ள, நடிகனுக்குச் சம்பளம் குடுத்தாச்சு, கேமராவுல புடிச்சாச்சு. அதுக்கு மேல எதுக்குப் படம் வரையுறான்? மூஞ்சியக் காட்ட வேண்டியதுதான?"

கணக்கு நண்பருக்கு வேறு குறை. சயின்ஸ் ஃபிக்ஷன் என்று கூட்டி வந்தேனாம், மூணு பேர் சோபாவில் உட்கார்ந்து வெட்டிப்பேச்சு பேசுவதைக் காட்டுகிறேனாம். "ராக்கெட் வேண்டாம்ப்பா. ஒரு சட்டைய மட்டும் காட்டிட்டு ஏழு வருஷம் கழிச்சு நடக்குதுன்னா எப்படி?" அமெரிக்காவிலும் நிறையப் பேருக்கு இதே எண்ணம் இருந்திருக்கும். அப்போதே விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், தியேட்டரில் போட்ட பணமும் வரவில்லை.

மனைவி கடைசிவரை கவனமாகப் பார்த்தாள். அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் பதில் தெரியாத விமர்சனம். "ஏங்க, அந்த வீட்டுல ஒருத்தனுக்குக்கூட அம்மா இல்லையா?" ஹீரோவுக்கு ஒரு காலத்தில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்ததாக ஒரு காட்சி வந்து போகும், அவ்வளவுதான். அம்மா, சித்தி, அக்கா என்று யாரும் கதவைத் தட்டி உள்ளே வரவே இல்லை. நம்ம ஊரில் ஒரு பையன் இப்படிப் போனால் முதலில் அழிவது அம்மா காதில் கிடக்கும் தோடு. அது இல்லாத போதைப் படம் அவளுக்குப் பாதிப் படம்.

மச்சானின் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. அது அப்பாவின் பதில்.

அப்பா பிலிம் காலத்து ஆள். சாய்வு மேஜை ஒன்று, நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழே வெளிச்சத்தைத் திருப்ப ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதன்மேல் நெகட்டிவை வைத்து, உப்புத்தாளில் ஊசிபோலத் தீட்டிய பென்சிலால் 'டச்சிங்' பண்ணுவார். அம்மைத் தழும்பு போகும், கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பு போகும். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டிலிருந்து வருவார்கள். தனிப்படமே இருக்காது. கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரியும். அதைப் பெரிதாக்கி, மீதி முகத்தை அப்பா வரைவார், சட்டைக் காலர் போடுவார், பூசைக்கு ஃப்ரேம் மாட்டிக் கொடுப்பார். போட்டோ பாதி, பென்சில் பாதி. வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு "அப்படியே இருக்காரு" என்று அழுவார்கள். அப்பா என்னிடம் மட்டும், "நாலு கோடு என்னோடதுடா" என்பார்.

இந்தப் படத்தில் கோடு ஒரு இடத்தில் நிற்காது. கன்னத்து நிழல் லேசாக நகரும், சட்டையின் கட்டம் உடம்போடு ஒட்டாமல் மிதக்கும். மச்சானுக்குத் தூக்கம் வரவைத்தது அதுதான், எனக்குத் தூக்கம் போனதும் அதனால்தான். மூன்று வருஷம் முன்பு சித்தி மகன் ஒரு விண்ணப்பத்துக்காக என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். லென்ஸ் சரியாகத்தான் இருந்தது, லைட் சரியாகத்தான் இருந்தது. பதினோரு முறை எடுத்தேன். ஒன்றிலும் அவன் உட்காரவில்லை. அதே மூக்கு, அதே தாடை, ஆனால் முகம் எங்கேயோ கழன்று நகர்ந்துகொண்டே இருந்தது. நடிகன் மூஞ்சியை நேராகக் காட்டியிருந்தால் இதைக் காட்டியிருக்க முடியாது என்பதே என் கட்சி. அந்த மறைப்பு உடையும் அப்படித்தான். 15 லட்சம் பேரின் முகத் துண்டுகள் மாறி மாறி ஓடும் என்று படத்தில் சொல்கிறார்கள். அப்பாவின் நெகட்டிவ் பெட்டியை வெளிச்சத்தில் வேகமாகப் புரட்டினால் இந்த ஊரும் அப்படித்தான் தெரியும்.

எங்கள் பக்கம் 'ஐஸ்' என்றால் பார் ஐஸ். மெஷினில் உடைத்து, கூடையில் அள்ளி, படகின் பெட்டியில் கொட்டுவது. ஐஸ் ஏற்றாமல் படகு கிளம்பாது. இப்போது அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் வந்துவிட்டது. இலங்கையின் தலைமன்னார் தனுஷ்கோடியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் பீடி இலை, கடல் அட்டை என்று பிடிபட்ட செய்தி வரும். பிறகு கஞ்சா மூட்டை. இப்போது ஐஸ், அதாவது மெத்தாம்பெட்டமின். கணக்கு நண்பர் பஸ்ஸில் போனில் "நாளைக்கு ஐஸ் எவ்வளவு வேணும்?" என்று கேட்டதற்குப் பக்கத்து சீட்காரர் இடம் மாறி உட்கார்ந்தாராம். சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். சித்தி மகன் இருக்கும்போது மட்டும் சொல்ல மாட்டார்.

அவன் கஞ்சாவில் ஆரம்பித்தான், பிறகு வலி மாத்திரை, பிறகு அது. படத்தின் முதல் காட்சியில் ஒருத்தன் உடம்பு முழுக்கப் பூச்சி ஊர்கிறது என்று தலையை உதறுவான், ஷவரில் நிற்பான், நாயையும் குளிப்பாட்டுவான், பிடித்த பூச்சியைப் பாட்டிலில் போட்டு மூடுவான். பாட்டிலில் ஒன்றும் இருக்காது. நான் ஓரக்கண்ணால் இவனைப் பார்த்தேன். முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். "கரெக்டாத்தான் எடுத்திருக்கான்" என்றான், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு சைக்கிள் காட்சி. டவுனி ஜூனியர் கியர் சைக்கிள் ஒன்று வாங்கி வருவான். முன்னால் இருக்கிற பல்சக்கரத்தையும் பின்னால் இருப்பதையும் பெருக்காமல் கூட்டிப் பார்த்துவிட்டு, மீதிக் கியரை எவனோ திருடிவிட்டான் என்று எல்லோரும் சேர்ந்து கொதிப்பார்கள். சித்தி மகன் சிரித்த சிரிப்பில் மச்சான் முழித்துக்கொண்டார். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷங்கள் ஆகிறது. நம்ம படம் வென்றுவிட்டது என்று நினைத்தேன்.

முடிவைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மூளை கெட்ட போலீஸ்காரனை மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்க்கிறார்கள். அங்கிருந்து பண்ணைக்கு அனுப்புகிறார்கள். சோளக்கொல்லையில் வரிசைக்கு நடுவே நீலப்பூச் செடிகள். மருந்து தயாராவதே அந்தப் பூவிலிருந்துதான், வளர்ப்பதே அந்த மையம்தான். உள்ளே நுழைந்து சாட்சி கொண்டு வரட்டும் என்று போலீஸே அவனைத் தெரிந்து பலி கொடுத்திருக்கிறது. மிச்சமிருக்கும் அறிவில் அவன் ஒரு பூவைப் பறித்து ஒளித்து வைக்கிறான், நண்பர்களுக்குப் பரிசு என்று. எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் அது.

நீலப்பூ தெரிந்ததும்தான் சித்தி மகன் எழுந்து போனான்.

மறுநாள் ஜெட்டிப் பக்கம் மச்சானோடு வலை பொத்திக்கொண்டிருந்த அவனைப் பிடித்தேன். முதலில் பேசவில்லை. பிறகு, "அம்மா என்னைய எட்டு மாசம் கழிச்சுத்தாண்ணே சேத்துச்சு. ஏன்னு தெரியுமா?" என்றான்.

தெரியும். மையம் என்றாலே சித்தி நடுங்குவார். அடிப்பார்கள், கட்டிப் போடுவார்கள், அவர்களே மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருப்பார்கள் என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். அந்தப் பயத்தையும் குற்றம் சொல்ல முடியாது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியோடு கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் போனார்கள். இந்தக் கடற்கரையில் அதைக் கேட்ட எந்த அம்மாவுக்கும் 'மையம்' என்ற சொல்லில் புகை வாசம் அடிக்கும்.

"அந்த எட்டு மாசந்தான் என்னைத் தின்னது. உள்ள போயிருந்தா பிழைச்சுருவேன்னு எனக்கே தெரியும். கடைசில மதுரைப் பக்கம் போய் மூணு மாசம் இருந்து பிழைச்சேன். இந்தப் படத்தை அம்மா அப்பப் பாத்திருந்தா அனுப்பியிருக்குமா?"

நான் விடவில்லை. படத்தை ஆதரிக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. எழுதினவரே போதையில் கிடந்தவர், 1972-ல் கனடாவில் வான்கூவரில் ஒரு மையத்தில் இருந்தவர், அனுபவிக்காமல் எழுதவில்லை என்றேன். கடைசியில் ஓடுகிற பெயர்ப்பட்டியலைச் சொன்னேன். போதையால் செத்த, மூளை கெட்ட நண்பர்களை வரிசையாகப் போட்டு, நடுவில் தன் பெயரையும் கணையம் கெட்டவன் என்று சேர்த்திருக்கிறார். நீ அதைப் பார்க்காமலே போய்விட்டாய் என்றேன்.

"அவருக்கு அங்க சரிப்படாமப் போயிருக்கும். எனக்குச் சரிப்பட்டுச்சு" என்றான். ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டே, "நல்ல படந்தாண்ணே. கடைசில மட்டும் நம்ம தெருவுல பேசுறதையே பேசுறான்."

படத்தைத் திட்டியவர்களில் கதை முழுசாகப் புரிந்தவன் அவன் ஒருத்தன்தான். நான் இன்னும் படத்தின் பக்கம்தான். ஆனால் நீலப்பூ வரும் இடத்தில் இப்போதெல்லாம் எனக்குச் சித்தியின் தோடு இல்லாத காது தெரிகிறது, முன்புபோலத் தொண்டை அடைப்பதில்லை. மனைவியிடம் சொன்னேன். "நான் அன்னைக்கே கேட்டேன்ல, அம்மா எங்கன்னு" என்று மீன் கழுவப் போய்விட்டாள்.

தடை முடிந்து இரண்டாவது வாரம் கடைக்கு வந்தான். பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும், மச்சினன் ஒருத்தன் கத்தாரிலிருந்து கூப்பிடுகிறானாம். ஸ்டூலில் உட்கார்ந்தான். இரண்டே முறைதான் எடுத்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை மானிட்டரில் லேசாக எடுத்துவிடப் போனேன். "அது கெடக்கட்டும்ணே" என்றான்.

பிரிண்ட் வருவதற்குள் பென் டிரைவை நீட்டினான்.

"அந்தச் சைக்கிள் சீனை மட்டும் வெட்டிக் குடுங்கண்ணே. மிச்சம் வேண்டாம்."