ஒரே முறை வேலை செய்யும் நொதி

எங்கள் மாலிக்யூலர் லேபுக்கு வரும் மூளைக் கட்டி பிளாக்குகளில் பெரும்பாலானவை கிளியோபிளாஸ்டோமா. அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து அனுப்பியிருப்பார்கள். கூட வரும் படிவத்தில் கேட்டிருப்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: எம்ஜிஎம்டி எப்படி இருக்கிறது? பல வருடங்களாக நான் அதிக நேரம் செலவிடுவது இந்த ஒரு நொதியோடுதான். சில நாட்கள் வீட்டுக்குப் போன பிறகும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

டிஎன்ஏவில் குவானின் என்ற எழுத்தின் ஆறாவது இடத்தில், ஆக்சிஜன் மேல், மெத்தில் என்ற சிறு வேதிக் குழு ஒன்று ஒட்டிக்கொண்டால் ஆபத்து. செல் பிரியும்போது அந்த குவானினுக்கு எதிரே சைட்டோசின் வராமல் தைமின் வந்து உட்கார்ந்துவிடும். எம்ஜிஎம்டியின் வேலை அந்த மெத்திலைப் பிடுங்கி எடுப்பது. எடுத்ததை வெளியே வீசாது, தன் உடம்பிலேயே 145ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஏற்றிக்கொள்ளும். அத்தோடு அதன் கதை முடிந்தது, செல் அதை அழித்துவிடும். மற்ற நொதிகள் ஒரே வேலையை ஆயிரக்கணக்கான தடவை செய்யும். இது தீக்குச்சி மாதிரி, ஒரு மூலக்கூறு ஒரு தடவைதான். அடுத்த மெத்திலை எடுக்க செல் புதிதாக ஒன்றைத் தயாரிக்க வேண்டும்.

நல்ல செல்லில் இது காவல். இந்த நொதியின் மரபணு அணைந்துபோன செல்களில் குவானின் இருந்த இடங்கள் அடினினாக மாறும் பிழைகள் சேர்கின்றன. பெருங்குடல் புற்றில், பிழை வந்தால் புற்றைத் தூண்டும் கேராஸ் மரபணுவில் இந்த வகைப் பிழையும் எம்ஜிஎம்டி அணைந்திருப்பதும் சேர்ந்தே வருவதை 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள். அதாவது இந்த நொதி இல்லாமல் போவது கட்டி வளர ஒரு வழி. ஆனால் கட்டி வந்த பிறகு, கீமோ கொடுக்கும்போது, இது இல்லாமல் இருப்பதுதான் நோயாளிக்கு நல்லது. லேபில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இது புரியாமல், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் சோதனையைப் போடக் கற்றுக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

மருந்தின் பெயர் டெமோசோலமைடு. பர்மிங்காமின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழு 1980களில் உருவாக்கியது. மாத்திரையாகப் போட்டுக்கொள்ளலாம், மூளைக்குள்ளும் போய்ச் சேரும். உடம்பில் தானாகவே உடைந்து டிஎன்ஏ மேல் மெத்திலைத் தூவும். அதில் குவானினின் அந்த ஆறாம் இடத்தில் விழுவது பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு, ஆனால் செல்லைக் கொல்வது முக்கியமாக அதுதான். தவறான ஜோடியைப் பார்த்ததும் பொருத்தப் பிழையைத் திருத்தும் புரதங்கள் ஓடி வரும். எதிர் இழையில் உள்ள தைமினை வெட்டும், மறுபடி தைமினே வரும், மறுபடி வெட்டும். கடைசியில் இழை முறிந்து செல் சாகும். எம்ஜிஎம்டி நிறைய இருக்கும் கட்டியில் இது எதுவுமே தொடங்காது.

2005இல் வெளிவந்த ஐரோப்பிய, கனடியச் சோதனையில் 573 நோயாளிகள் இருந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 12.1 மாதம், டெமோசோலமைடும் சேர்த்துப் பெற்றவர்களில் 14.6 மாதம். இரண்டரை மாத வித்தியாசம்தானா என்று தோன்றும். ஆனால் அதே நோயாளிகளில் 206 பேரின் திசுவை மோனிகா ஹெகி குழு பிரித்துப் பார்த்தது. 45 சதவீதம் பேரின் கட்டியில் எம்ஜிஎம்டி மரபணுவை இயக்கும் பகுதியான புரோமோட்டர் மெத்திலேற்றப்பட்டு, மரபணு அணைந்திருந்தது. அவர்களுக்கு மருந்து சேர்ந்ததும் 15.3 மாதம் 21.7 ஆனது. மற்றவர்களுக்கு 11.8 மாதம் 12.7 ஆனது, அவ்வளவுதான்.

இங்கே இரண்டு மெத்தில்கள் வருகின்றன, குழப்பிக்கொள்ளக் கூடாது. மருந்து ஒட்டும் மெத்தில் குவானினில் விழும் காயம். நாங்கள் லேபில் தேடும் மெத்தில், புரோமோட்டரின் சைட்டோசினில் செல்லே போட்டுவைத்த பூட்டு.

தேடும் விதம் இப்படி. நோயியல் டாக்டர் சாயமேற்றிய ஸ்லைடில் கட்டி அடர்த்தியாக இருக்கும் இடத்தை மார்க்கர் பேனாவால் வட்டமிட்டுத் தருவார். சாயமேற்றாத ஸ்லைடை அதன் மேல் வைத்து அதே இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டுவேன். கிளியோபிளாஸ்டோமாவில் செத்த திசு நிறைய இருக்கும், அது உள்ளே வந்துவிடக் கூடாது. சைலீனில் மெழுகைக் கரைத்து, எத்தனாலில் கழுவி, புரதத்தைக் கரைக்கும் புரோட்டினேஸ் கே போட்டு 56 டிகிரியில் இரவு முழுக்க விடுவோம். மறுநாள் பைசல்ஃபைட். இது சாதாரண சைட்டோசினை யுராசிலாக மாற்றிவிடும், மெத்தில் உள்ள சைட்டோசினைத் தொடாது. அதே சமயம் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக உடைக்கவும் செய்யும். பஃபர் இல்லாத ஃபார்மலினில் நாள்கணக்கில் ஊறிய பிளாக் என்றால் இந்தக் கட்டத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாது. அறுவை சிகிச்சை செய்யும் இடங்களில் பஃபர் கலந்த ஃபார்மலின் வைத்திருக்க வேண்டும் என்பதை நான் எங்கே போனாலும் சொல்வேன். மூளையிலிருந்து அந்தத் துணுக்கை மறுபடி எடுக்கச் சொல்ல முடியாது.

அப்புறம் பிசிஆர். மெத்தில் உள்ள வரிசைக்கு ஒரு பிரைமர் ஜோடி (எந்த இடத்தைப் பெருக்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துணுக்குகள்), இல்லாததற்கு ஒன்று. இல்லாததற்கான பட்டை ஏறக்குறைய எல்லா ஜெல்லிலும் தெரியும், ஏனென்றால் ரத்தக்குழாய்களும் வெள்ளணுக்களும் திசுவில் கலந்திருக்கும். அவற்றில் எம்ஜிஎம்டி மரபணு பூட்டப்பட்டிருக்காது. நொதியையே நேரடியாகச் சாயமேற்றிப் பார்ப்பது நம்பகமாக இல்லாததற்கு ஒரு காரணமும் இதுதான். மெத்தில் பட்டை பளிச்சென்று வந்தால் சரி, வராவிட்டாலும் சரி. மங்கலாக வரும் பட்டைதான் சோதனை. அப்படி வந்தால் மறுபடி போடுவோம், பைரோசீக்வென்சிங் என்ற வரிசை படிக்கும் முறையில் மெத்திலின் சதவீதம் பார்ப்போம், அதுவும் நடுவில் நின்றால் நடுவில் நிற்கிறது என்றே எழுதுவோம். எந்தப் பக்கமாவது தள்ளி எழுதச் சொல்லி யார் கேட்டாலும் நான் சம்மதிப்பதில்லை.

ஒருநாள் ரிப்போர்ட் வாங்க வந்த ஓர் இளைஞர் கவுண்டரிலேயே நின்று செல்ஃபோனில் தேடிவிட்டு என்னிடம் வந்தார். "மேடம், அன்மெத்திலேட்டடுன்னு போட்டிருக்கு. அப்போ அப்பாவுக்கு இந்த மாத்திரை கொடுத்துப் பிரயோஜனமே இல்லையா?" லேபில் இருக்கும் நான் சிகிச்சையைப் பற்றிப் பேசக் கூடாது. "தம்பி, இதை மட்டும் வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட போவோம் வாங்க" என்று கூட்டிப்போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: அப்பாவுக்கு வயது அறுபதுகூட ஆகவில்லை, நடமாட்டமும் நன்றாக இருக்கிறது, கதிர்வீச்சோடு மாத்திரையும் கொடுக்கத்தான் போகிறோம். அதே 2005 சோதனையில் பூட்டு இல்லாதவர்களில்கூட, மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர் இரண்டு வருடம் தாண்டினார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு பேர்கூட இல்லை.

வயதானவர்களிடம் கணக்கு மாறுகிறது. உடம்பு தாங்காமல் ஏதாவது ஒரு சிகிச்சைதான் கொடுக்க முடியும் என்ற நிலையில், பூட்டு இருந்தால் மாத்திரை மட்டும், இல்லாவிட்டால் குறுகிய கதிர்வீச்சு மட்டும் என்று முடிவெடுக்க 2012இல் வந்த ஜெர்மன், நார்டிக் ஆய்வுகள் வழி காட்டின. அப்படிப்பட்டவரின் பிளாக் என்று தெரிந்தால் அதை வரிசையில் முன்னே வைத்துவிடுவேன்.

நொதி ஒரு தடவையில் தீர்ந்துபோகிறதே, அப்படியானால் அதைத் தீர்த்துவிட்டால் என்ன என்ற யோசனை எல்லோருக்கும் வரும். மருந்தை 28 நாளில் 5 நாளுக்குப் பதில் 21 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வந்தது, ஆயுள் கூடவில்லை. ஓ6-பென்சில்குவானின் என்ற போலி இரையைப் போட்டு நொதியைக் காலி செய்தும் பார்த்தார்கள். நொதி காலியானது, ஆனால் எலும்பு மஜ்ஜையிலும் காலியானது, ரத்த அணுக்கள் சரிந்தன. சியாட்டிலில் ஒரு குழு இதற்கு எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. போலி இரையிடம் ஏமாறாத பி140கே என்ற மாற்று எம்ஜிஎம்டியை நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களில் வைத்துத் திரும்ப ஏற்றினார்கள். மஜ்ஜைக்குப் பாதுகாப்பு, கட்டிக்கு இல்லை. 2012இல் மூன்று நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள், மஜ்ஜை தாங்கியது. மூன்றே பேர்தான், இருந்தாலும் இந்த நொதியின் வேலையை ஆழமாகப் புரிந்துகொண்டவர்களால்தான் அப்படி யோசிக்க முடியும்.

கட்டி திரும்பி வந்து இரண்டாம் அறுவை சிகிச்சை நடந்தால், அந்த பிளாக்கும் எங்களிடம் வருவதுண்டு. பூட்டு பெரும்பாலும் முன்பு இருந்தபடியேதான் இருக்கும். அப்படியானால் முதலில் கேட்ட மருந்து இப்போது ஏன் கேட்கவில்லை? சிலரில் எம்எஸ்ஹெச்6 போன்ற பொருத்தப் பிழைத் திருத்தப் புரதம் தொலைந்திருக்கும். வெட்டி வெட்டிச் செல்லைச் சாகடித்ததே அந்தத் திருத்தம்தான். அது போனபின் மெத்தில் விழுந்தாலும் செல் கண்டுகொள்ளாமல் பிரிந்துகொண்டே போகும், பிழைகளும் ஆயிரக்கணக்கில் குவியும். அதனால் டெமோசோலமைடு எடுத்தவரின் இரண்டாம் பிளாக் வந்தால், படிவத்தில் எம்ஜிஎம்டி மட்டும் கேட்டிருந்தாலும், எம்எஸ்ஹெச்6 சாயமும் போடட்டுமா என்று டாக்டருக்கு ஃபோன் செய்து கேட்டுவிடுகிறேன்.